கட்டம் சாரும் பதினேழாம் கட்டமும்

எங்கள் தெருவில் கட்டம் சாரிடம் திட்டு வாங்காதவர்கள் இரண்டே பேர். ஒருவர் அவருடைய மாமனார். அவருக்குக் காது கேட்காது. இன்னொருத்தி நான். நான் திருப்பித் திட்டுவேன்.

நான் வீட்டு வசதி அலுவலகத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். என் கடைவாசல் நிழலில் ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு மர ஸ்கேல், நாலு பேனா. அதுதான் கட்டம் சாரின் ராஜ்ஜியம். அலுவலகத்துக்கு வருகிறவர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுப்பது அவர் தொழில். பத்தொன்பது வருடமாக இந்த மேசையும் என் மெஷினும் பக்கத்துப் பக்கத்தில்தான் குடித்தனம் நடத்துகின்றன. அவர் நிரப்புவார், நான் நகல் எடுப்பேன். இடையில் சண்டை போட்டுக்கொள்வோம். நான் ஷட்டரைத் தூக்க வரும்போதெல்லாம் அந்த மனிதர் வாசல்படியில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருப்பார். எட்டரைக்குத் திறக்கிற கடைக்கு ஏழே முக்காலுக்கே ஆஜர். "ஆபீசைத் திறக்குறதே நீங்கதான்னு நெனப்பா சார்?" என்று கேட்பேன். "நேரத்துக்கு வர்றது எப்படின்னு உன்னால கத்துக்க முடியாதும்மா" என்பார்.

அவருக்கு வேறு பெயர் இல்லாமலா இருக்கும்? இருக்கும். ஆனால் "எழுத்து கட்டத்துக்குள்ள இருக்கணும்" என்று ஒரு நாளைக்கு நாற்பது தடவை சொல்கிறவரை வேறு எப்படிக் கூப்பிடுவது? கோடு தாண்டி ஒரு கால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அவருக்கு உடம்பு முடியாமல் போய்விடும். நாமே எழுதிவிடலாம் என்று ஆசைப்பட்டு வருகிறவர்கள் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கிவிடுவார். "நீங்க பதில் சொன்னாப் போதும், எழுதுறதுக்குத்தான் நான் இருக்கேன்."

வேலை செய்கிற விதத்திலும் மாற்றமே கிடையாது. எதிர் நாற்காலியில் ஆளை உட்கார வைப்பார். ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டு எழுதுவார். பதினைந்து கட்டமும் நிரம்பியதும் தாளை அப்படியே திருப்பி எதிரில் இருப்பவர் பக்கம் தள்ளி, பதினாறாம் கட்டத்தில் விரலை வைத்து, "இங்க போடுங்க" என்பார். அது விண்ணப்பதாரர் கையெழுத்து. போட்டதும் தாளைத் தன் பக்கம் திருப்பிக்கொள்வார். பதினேழாம் கட்டம், படிவம் நிரப்ப உதவியவர் கையெழுத்து. அதைப் போடுவதற்கு முன் கையை ஒரு உதறு உதறிக்கொள்வார். பெரிய சுழி ஒன்று, சின்னச் சுழி இரண்டு, அடியில் ஸ்கேல் வைத்தாற்போல ஒரு கோடு. எல்லாம் கட்டத்துக்குள்ளே. ஒரு நாட்டின் ஜனாதிபதி சட்டத்தில் கையெழுத்துப் போடுகிற தோரணை.

இவ்வளவு அலட்டலையும் நான் பொறுத்துக்கொண்டதற்கு ஒரு காரணம் உண்டு. பதினைந்தாம் கட்டம். 'வீடு தேவைப்படும் காரணம்' என்று போட்டு மூன்று வரி இடம் விட்டிருப்பார்கள். அங்கே வந்ததும் எல்லாரும் முழிப்பார்கள். வீடு எதற்கு என்றால் என்ன சொல்வது? இருக்கத்தான். கட்டம் சார் அந்தக் கேள்வியைக் கேட்கவே மாட்டார். பேனாவைக் கீழே வைத்துவிட்டு வேறொன்று கேட்பார்.

"காலையில எழுந்ததும் முதல்ல எதைப் பார்த்தா எரிச்சல் வருது?"

அவ்வளவுதான், கொட்டிவிடுவார்கள். ஒரு பஸ் டிரைவர், "பாத்ரூம் வாசல்ல என் மச்சினன் முதுகு சார்" என்றார். மூன்று குடும்பத்துக்கு ஒரே குளியலறை என்பதும், டிரைவர் தினமும் குளிக்காமலே வண்டி எடுக்கிறார் என்பதும் அந்த முதுகிலிருந்து வந்தன. தையல்கார அம்மா ஒருத்தி, "ஜன்னலைத் திறந்தா எதிர்வீட்டுச் சுவர், சுவத்துல ஒரு பல்லி, அதுவும் என்னைப் பார்த்து எரிச்சலாத்தான் இருக்கு" என்றாள். பகலிலும் விளக்கு போட்டுத் தைத்துக் கண் கெட்டுப்போனது இரண்டாவது வரிக்கு வந்துவிட்டது. பல்லியை மட்டும் விட்டுவிட்டார். நகல் எடுக்கும்போது நான் அந்த மூன்று வரியை எப்போதும் படிப்பேன். படிக்கக் கூடாதுதான். ஆனால் கடையில் வேறு என்ன படிக்க இருக்கிறது?

போன வருடம் பஸ் டிப்போவுக்குப் பின்னால் நகராட்சி நூற்றிருபது வீடு கட்டி முடித்தது. குறைந்த வாடகை, இரண்டு அறை, ஹால், குலுக்கலில்தான் கிடைக்கும் என்று அறிவித்தார்கள். ஊரே எங்கள் தெருவுக்கு வந்தது. வரிசை என் கடையைச் சுற்றி வளைந்து, டீக்கடையைத் தாண்டி, முனையில் திரும்பியது. "வீட்டுல எத்தனை பேர்?" என்று கேட்டால் ஒருவர், "சண்டை இல்லைன்னா ஆறு, சண்டைன்னா நாலு" என்றார். கட்டம் சார் அசரவில்லை. "இன்னைக்கு நிலவரம் சொல்லுங்க" என்று கேட்டு ஐந்து என்று எழுதினார். யாரோ ஒருவர் பாதிக் கோபத்தில் இருந்திருக்க வேண்டும்.

இருபது நாளில் முந்நூற்றுப் பன்னிரண்டு படிவம். அவருடையது மட்டும் இன்னும் எழுதப்படவில்லை.

அவர் அப்போது குடியிருந்த லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரே அறை. மூலையில் அடுப்பு. கீழே தகரப் பெட்டி செய்யும் பட்டறை. காலை எட்டு மணிக்குச் சுத்தியல் எடுத்தால் சாயங்காலம் ஆறுக்குத்தான் கீழே வைப்பார்கள். அந்த அறையில் மூன்று பேர். கட்டம் சார், அவர் மனைவி நர்ஸம்மா, அவளுடைய அப்பா ரேடியோ மாமா. நர்ஸம்மாவுக்குப் பதினோரு வருடமாக இரவு வேலை. பகலில்தான் தூங்க வேண்டும். ரேடியோ மாமாவுக்குக் காது மந்தம், ஆனால் ரேடியோ இல்லாவிட்டால் உயிரே இல்லை. ஆகவே ரேடியோ தன்னால் முடிந்தவரை கத்தும். கீழே சுத்தியல், பக்கத்தில் செய்திகள், நடுவில் பாய் விரித்து ஒருத்தி தூங்க வேண்டும். கும்பகர்ணனே எழுந்து வேறு வீடு பார்ப்பான்.

ஒருமுறை பட்டறைக்குப் பெரிய ஆர்டர் வந்து ஞாயிறும் அடித்தார்கள். அந்தத் திங்கட்கிழமை மத்தியானம் நர்ஸம்மா என் கடைக்கு வந்தாள். கண் இரண்டும் கோவைப்பழம்.

"அக்கா, உள்ள கொஞ்ச நேரம் உட்காரட்டுமா?"

பேப்பர் கட்டுகளுக்கு நடுவே போய் உட்கார்ந்தவள் அப்படியே சாய்ந்து நாலு மணி நேரம் தூங்கினாள். நான் மெஷினை நிறுத்தினேன், தூக்கம் கலைந்துவிடக் கூடாதே என்று. உடனே கண்ணைத் திறந்தாள். "அது ஓடட்டும்க்கா. அந்தச் சத்தம் நல்லாயிருக்கு." ஒரே சீராக ஓடுகிற எந்தச் சத்தமும் அவளுக்குத் தாலாட்டாகிவிட்டது. அவளுக்காக அன்றைக்கு வெறும் தாளையெல்லாம் நகல் எடுத்தேன். எனக்குத் தூக்கம் வராத வியாதி. அப்படி ஒருத்தி தூங்குவதைப் பார்க்கப் பொறாமையாக இருந்தது, பாவமாகவும் இருந்தது.

அதிலிருந்து அந்த வீட்டுக்குக் கதவு உள்ள ஓர் அறை வேண்டும் என்பதில் நான் அவர்களைவிட உறுதியாக இருந்தேன். தினமும் சாயங்காலம் கட்டம் சாரைப் பிடித்து உலுக்குவேன்.

"ஊருக்கெல்லாம் எழுதுறீங்க, உங்களுக்கு எப்போ?"

"வரிசையில நிக்கிறவங்களை விட்டுட்டு எனக்கு எழுதுனா நல்லாவா இருக்கும்?"

கடைசி நாள் நாலே முக்காலுக்கு வரிசை தீர்ந்தது. ஐந்து மணிக்குப் பெட்டியைப் பூட்டிவிடுவார்கள். அப்போதுதான் எடுத்தார் தன் படிவத்தை. பத்து நிமிடத்தில் நிரப்பி, கையை உதறி, கையெழுத்துப் போட்டு என்னிடம் நீட்டினார். நான் நகல் எடுத்தேன். அவர் ஓடிப்போய்ப் பெட்டியில் போட்டார். அந்த ஒரு நகலை மட்டும் நான் படிக்கவில்லை. அவர் எழுதியதில் பார்க்க என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

குலுக்கலில் விழுந்த எண்களை நகர வானொலி ஒரு புதன்கிழமை காலை பத்து மணிக்கு வாசித்தது. பக்கத்து டீக்கடையிலும் அதுதான் ஓடியது. கட்டம் சார் தனக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி ஸ்கேலைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஒன்பதாயிரம் பேரில் நூற்றிருபது பேர். ஆனால் அவருடைய எண் நாலாயிரத்து எழுபத்தொன்று என்பது ரேடியோ மாமாவுக்கு மனப்பாடம். எண் வந்ததும் அவர் வால்யூமை இன்னும் கூட்ட முயன்றிருக்கிறார், அதற்கு மேல் கூட்ட இடமில்லை. பட்டறையில் சுத்தியல் நின்றுவிட்டது. தகரக்காரர்கள் மேலே பார்த்தார்கள். நர்ஸம்மா பாயிலிருந்து எழுந்து, எண்ணைக் கனவில் கேட்டோமா நிஜத்தில் கேட்டோமா என்று தெரியாமல், தலையைக்கூடக் கோதிக்கொள்ளாமல் தெருவில் நடந்து எங்கள் கடைக்கே வந்துவிட்டாள்.

"விழுந்துடுச்சாங்க?"

கட்டம் சார் எழுந்து நின்றார். வாயைத் திறந்தார். தலையை மட்டும் ஆட்டினார். எதற்கெடுத்தாலும் பேசுகிற மனிதருக்குப் பேச்சு நின்றதை நான் அன்றுதான் முதல் தடவை பார்த்தேன்.

எட்டு நாள் நாங்கள் எல்லாரும் அந்த வீட்டில் மனதால் குடியிருந்தோம். உள் அறை நர்ஸம்மாவுக்கு என்று முடிவானது. திரைச்சீலைக்குக் கறுப்புத் துணி பார்த்து வைத்தாள். பகலிலும் இருட்டாக இருக்க வேண்டுமாம். ஒன்பதாம் நாள் கடிதம் வந்தது. அதை வாங்கிய கட்டம் சார் ஸ்கேலுக்கு அடியில் வைத்துவிட்டு அடுத்த படிவத்தை எடுத்தார். ஒரு பாட்டியம்மா தன் படிவத்தில் கோடு தாண்டி எழுதியதைப் பார்த்தும் திட்டவில்லை. அவர் டீ குடிக்கப் போன நேரம் ஸ்கேலை நகர்த்திப் படித்தேன்.

விண்ணப்பத்தில் விண்ணப்பதாரரின் கையொப்பம் இல்லை. ஏழு நாட்களுக்குள் நேரில் வந்து விளக்கம் தராவிட்டால் ஒதுக்கீடு ரத்தாகி அடுத்தவருக்குப் போகும்.

நகலைத் தேடி எடுத்தேன். பதினாறாம் கட்டம் துடைத்து வைத்த மாதிரி வெறுமையாக இருந்தது. பதினேழாம் கட்டத்தில் பெரிய சுழி ஒன்று, சின்னச் சுழி இரண்டு, அடியில் கோடு. ஜம்மென்று இருந்தது. எதிர் நாற்காலியில் யாரும் இல்லை அல்லவா? தாளைத் திருப்பித் தள்ள ஆள் இல்லை. தள்ளாததால் பதினாறு என்று ஒன்று இருப்பதே அவர் கைக்குத் தெரியவில்லை. அது நேரே தன் வழக்கமான இடத்துக்குப் போய்த் தன் வழக்கமான வேலையைச் செய்துவிட்டது. குலுக்கலுக்கு முன்னால் எண்ணை மட்டும்தான் பார்ப்பார்களாம், கையெழுத்தையெல்லாம் விழுந்தவர்களுக்குத்தான் சரிபார்ப்பார்களாம். முந்நூற்றுப் பன்னிரண்டு பேருக்கு ஒரு பிசகு இல்லை. சொந்தப் படிவத்தில் கோட்டை விட்டார். நகல் எடுத்தவள் நான், நானும் பார்க்கவில்லை. அவரைத் திட்டுவதா என்னைத் திட்டிக்கொள்வதா என்று தெரியாமல் மெஷினை ஓர் அடி அடித்தேன்.

"அவகிட்ட சொல்லிட்டீங்களா?" என்றேன் அவர் வந்ததும்.

"இன்னும் இல்ல."

"எப்போ சொல்றதா உத்தேசம்? கறுப்புத் துணி தச்சு முடிச்சப்புறமா?"

மறுநாள் காலை நானும் அவரும் ஏழு மணிக்கே கடைவாசலில் நின்றோம். நர்ஸம்மா வேலை முடிந்து வரும் வழியில் அவரே கடிதத்தையும் நகலையும் அவள் கையில் கொடுத்தார். நின்றபடியே படித்தாள். நான் அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் அந்த மனிதருக்கும் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவள் நகலைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"கையெழுத்து நல்லா வந்திருக்கு" என்றாள். தாளை மடித்து அவரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தூங்கப் போனாள்.

கட்டம் சார் அன்று முழுக்க ஒரு படிவமும் எழுதவில்லை. எனக்கு அவள்மேலும் கோபம், அவர்மேலும் கோபம், அந்தப் பதினேழாம் கட்டத்தை அச்சடித்தவன்மேல் எல்லாரையும்விடக் கோபம். மறுநாள் ஷட்டரைப் பாதியில் இறக்கிவிட்டு அவரை இழுத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் போனேன். பத்தொன்பது வருடமாக எதிரே உட்கார்ந்திருக்கிறார், உள்ளே போகும்போது எந்த மாடி என்று காவலாளியிடம் கேட்டார்.

சரிபார்ப்பு அதிகாரி ஒரு பெண்மணி. கண்ணாடியைச் சங்கிலியில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். சிரிப்பதற்குத் தனி உத்தரவு வர வேண்டும் போன்ற முகம்.

"விண்ணப்பதாரர் வந்திருக்காரா?"

"வந்திருக்கேம்மா" என்றார் கட்டம் சார்.

"நிரப்பிக் கொடுத்தவர்?"

"அவரும் வந்திருக்கார். அதாவது, நான்தான்."

அதிகாரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவரைப் பார்த்தார். "உதவினவர் விண்ணப்பதாரருக்குச் சொந்தக்காரரா இருக்கக் கூடாது. நீங்க அவருக்கு என்ன வேணும்?"

கட்டம் சார் உண்மையிலேயே யோசித்தார். "ரொம்ப நெருக்கம்தாம்மா."

எனக்குச் சிரிப்பு வந்து இருமலாக மாற்றிக்கொண்டேன். அதிகாரி சிரிக்கவில்லை. ஒரு தடித்த விதிப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். புரட்டினார், புரட்டிக்கொண்டே இருந்தார். கடைசியில் ஒரு பக்கத்தில் விரலை வைத்தார்.

"ஒரு வழி இருக்கு. சம்பந்தமில்லாத ஒருத்தர் என் முன்னாடி எல்லாக் கேள்வியையும் திரும்பக் கேட்டுப் புதுப் படிவம் நிரப்பணும். விண்ணப்பதாரர் பழைய படிவத்தைப் பார்க்காம பதில் சொல்லணும். ரெண்டும் ஒத்துப்போனா கையெழுத்து வாங்கிக்கலாம். ஒரு பதில் மாறினாலும் வேற யாரோ இவர் பேர்ல போட்டிருக்காங்கன்னுதான் அர்த்தம். வீடு அடுத்தவருக்குப் போயிடும்." பிறகு என்னைப் பார்த்தார். "நீங்க இவருக்குச் சொந்தமா?"

"சண்டைக்காரிங்க."

"அது பரவாயில்லை. நாளைக்குப் பதினொரு மணிக்கு வாங்க."

அன்று சாயங்காலம் ஒத்திகை பார்த்தோம். பதினான்கு கட்டமும் பிறந்த தேதி, வருமானம், அறையின் நீள அகலம் என்று மாறாத சமாச்சாரங்கள். பதினைந்தில் என்ன எழுதினீர்கள் என்று கேட்டேன்.

"இடப்பற்றாக்குறை."

"அப்புறம்?"

"அவ்வளவுதான். ஒரே வார்த்தை. அதைச் சொல்லிடுவேன், எழுதிடு. வம்பே இல்ல."

பஸ் டிரைவரின் மச்சினன் முதுகுக்கு மூன்று வரி. கட்டிய மனைவியின் தூக்கத்துக்கு ஒரு வார்த்தை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் வம்பு வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டேன். என் வாழ்க்கையில் அது அபூர்வம்.

மறுநாள் அதிகாரியின் மேசை. ஒரு பக்கம் நான், எதிர்ப்பக்கம் கட்டம் சார். நர்ஸம்மாவும் வந்திருந்தாள். வேலை முடிந்து வீட்டுக்குப் போகாமல் யூனிஃபாரத்தோடு பின்னால் ஒரு பெஞ்சில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அதிகாரி பழைய படிவத்தை அட்டைக்குள் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பதிலாகச் சரிபார்த்தார். பேனா என் விரலில் நிற்காமல் வழுக்கியது. நகல் எடுத்தே பழகிய கை, எழுதிப் பழகவில்லை.

"கட்டத்தைத் தாண்டுது" என்றார் கட்டம் சார் மூன்றாவது கேள்வியில்.

"விண்ணப்பதாரர் பதில் மட்டும் சொன்னாப் போதும்" என்றார் அதிகாரி.

நான் அந்தம்மாவை மனதுக்குள் வாழ்த்தினேன். ஆறாவதில் ஓர் எழுத்து கோட்டுக்கு வெளியே எட்டிப் பார்த்தபோது அவர் கண்ணை மூடிக்கொண்டார். வீட்டில் எத்தனை பேர், மூன்று. எத்தனை அறை, ஒன்று. எத்தனை வருடமாக, பதினான்கு. ஒத்துப்போகிறது, ஒத்துப்போகிறது என்று அதிகாரி டிக் போட்டுக்கொண்டே வந்தார். பதினைந்து வந்தது. நான் வாசிக்க வேண்டியது, 'வீடு தேவைப்படும் காரணம்'. மூன்றே சொல். எதிரே தாளில்தான் அச்சடித்திருந்தது. ஆனால் பத்தொன்பது வருடமாக என் காது அந்த இடத்தில் வேறொன்றைத்தான் கேட்டிருக்கிறது. நான் பேனாவைக் கீழே வைத்தேன். என் வாய் தன்பாட்டுக்குத் திறந்தது.

"காலையில எழுந்ததும் முதல்ல எதைப் பார்த்தா எரிச்சல் வருது?"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன செய்துவிட்டேன் என்று உறைத்தது. அவர் கை செய்த அதே வேலையை என் வாய் செய்துவிட்டது. கட்டம் சார் என்னை அப்படியே பார்த்தார். 'இடப்பற்றாக்குறை'ன்னு சொல்லுங்க, சொல்லித் தொலைங்க என்று கண்ணால் கெஞ்சினேன்.

"என் செருப்பை" என்றார் அவர்.

அதிகாரி நிமிர்ந்தார்.

"ஏழரைக்கு இவ வேலை முடிஞ்சு வருவா. ராத்திரி முழுக்க நின்ன காலு. இவ பாய் போடணும்னா நான் அங்க இருக்க முடியாது, கால் நீட்ட இடம் பத்தாது. மாமா ஒரு ஓரமா ஒடுங்கிக்குவார், நான் கிளம்பிடணும். இவ வாசல்ல செருப்பைக் கழட்டுற நேரம் நான் என் செருப்பை மாட்டிட்டிருப்பேன். வந்துட்டியான்னு நான் கேப்பேன், கிளம்பிட்டீங்களான்னு இவ கேப்பா. பதினோரு வருஷமா எங்க குடும்பப் பேச்சு அவ்வளவுதான். எட்டரைக்குத்தான் கடை திறப்பாங்க. நான் ஏழே முக்காலுக்கே வந்து பூட்டின கடை வாசல்ல உட்கார்ந்திருப்பேன். எட்டு மணிக்குப் பட்டறையில முதல் சுத்தியல் விழும். அது அந்தக் கடைப் படி வரைக்கும் கேக்கும். இப்போ முழிச்சிருப்பா, இப்போ முழிச்சிருப்பான்னு ஒவ்வொரு அடிக்கும் எண்ணிட்டு உட்கார்ந்திருப்பேன்."

நான் ஷட்டரைத் தூக்க வரும்போதெல்லாம் படியில் உட்கார்ந்திருந்த அந்த முகம் எனக்கு நினைவுக்கு வந்தது. அதைப் பார்த்து எத்தனை வருடம் கேலி செய்திருக்கிறேன்! நேரத்துக்கு வருவதை உன்னால் கற்றுக்கொள்ள முடியாது என்றாரே, படுபாவி மனிதர். எனக்கு அழுகை வந்துவிட்டது. பேனாவைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன். பின்னால் பெஞ்சில் நர்ஸம்மா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். தூக்கம் போயிருந்தது.

அதிகாரி அட்டையைத் திறந்து பழைய படிவத்தைப் பார்த்தார். அதில் ஒரே வார்த்தை. என் தாளைப் பார்த்தார். அதில் நான் இன்னும் ஒன்றுமே எழுதவில்லை. விதிப் புத்தகத்தைப் பார்த்தார். ஒரு பதில் மாறினாலும் வீடு போய்விடும் என்று சொன்னவர் அவர்தான்.

"இடப்பற்றாக்குறைன்னு எழுதியிருக்கு இதுல" என்றார்.

பேனாவின் மூடியைக் கழற்றினார்.

"இவர் இப்போ சொன்னதும் அதேதான். ஒத்துப்போகுது." டிக் போட்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் தொங்கவிட்டுவிட்டு, உத்தரவு ஏதும் வராமலே முகத்தைக் கொஞ்சம் தளர்த்திக் கேட்டார். "மூணு வரி இடம் விட்டிருந்தோமே சார், அதையே எழுதியிருக்கலாமே?"

"என்னை யாரும் கேக்கலையேம்மா" என்றார் கட்டம் சார்.

நான் அந்த மூன்று வரியில் அவர் சொன்னதையெல்லாம் அடைத்தேன். அடங்கவில்லை, நாலாவது வரி ஓரத்தில் ஏறியது. தாளை அப்படியே திருப்பி அவர் பக்கம் தள்ளினேன். எதிர் நாற்காலியில் உட்கார்ந்து பழக்கமில்லாத மனிதர், எங்கே போடுவது என்று தெரியாமல் பேனாவோடு தாள்மேல் அலைந்தார். பதினாறாம் கட்டத்தில் விரலை வைத்தேன்.

"இங்க போடுங்க."

போட்டார். சுழியெல்லாம் இல்லை. பள்ளிக்கூடப் பிள்ளை போடுகிற மாதிரி முழுப் பெயரையும் எழுதினார். தாளை என் பக்கம் திருப்பிப் பதினேழில் என் கையெழுத்தைப் போட்டேன். பாதி கட்டத்துக்குள், பாதி வெளியே. நகல் எடுக்க அதிகாரி மெஷின் அறைக்குப் போனபோது கட்டம் சார் மெல்ல என் பக்கம் சாய்ந்தார்.

"உன் கையெழுத்து கோழி கிண்டுன மாதிரி இருக்கும்மா."

"வீடு வேணுமா வேண்டாமா சார்?"

நிமிர்ந்து நேராக உட்கார்ந்துகொண்டார்.

போன மாதம் சாவி கொடுத்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை குடி மாறினார்கள். மறுநாள் காலை நான் எட்டரைக்குக் கடைக்கு வந்தேன். வாசல்படி காலியாக இருந்தது. ஷட்டரைத் தூக்கினேன், பெருக்கினேன், மெஷினைப் போட்டேன். மேசை முன்னால் நாலு பேர் படிவத்தோடு நின்றார்கள். "சார் வரலையாக்கா?" என்று என்னைக் கேட்டார்கள். ஒன்பது ஆனது, ஒன்பதேகால் ஆனது. எனக்குக் கவலை வந்துவிட்டது. ஒன்பதரைக்கு ஆற அமர நடந்து வந்தார்.

"என்ன சார், மணி என்ன?"

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பேனாவை எடுத்தார், வைத்தார்.

"ஏழரைக்கு வந்தா. டீ குடிச்சோம், ரெண்டு பேரும் உட்கார்ந்து. அப்புறம் உள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டா. மாமா ஹால்ல ரேடியோவை வெச்சார். நான் எழுந்து செருப்புகிட்ட போனேன். போனப்புறம்தான் தோணுச்சு, எதுக்குப் போறேன்னு. திரும்ப வந்து உட்கார்ந்துட்டேன்."

"ஒன்பதரை வரைக்குமா? என்ன பண்ணுனீங்க?"

"ஒண்ணும் பண்ணலைம்மா" என்றார். "கதவைப் பார்த்துட்டிருந்தேன்."

வரிசையில் முதலில் நின்றவர் பொறுமை இழந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, தானே பேனாவை எடுத்து எழுத ஆரம்பித்துவிட்டார். முதல் எழுத்தே கோட்டைத் தாண்டியது. நான் கட்டம் சாரைப் பார்த்தேன். அவர் அந்த எழுத்தைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் விட்டுவிட்டார்.